பாய் விரியுமுன் அறுநூறு கிலோமீட்டர்

இந்தியப் பாய்மரப் படகோட்டத்தைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் நீரில் தொடங்கி நீரிலேயே முடிந்துவிடுகின்றன. 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். அத்தகுதியை அடைந்த முதல் இந்தியப் படகோட்ட வீராங்கனை அவர். 2023இல் சீனத்தில் நடந்த ஆசிய விளையாட்டில் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து உழவர் குடும்பத்துப் பெண் நேகா தாக்கூர் வெள்ளி வென்றார். விஷ்ணு சரவணன் வெண்கலம் வென்றார். செய்திகள் காற்றையும் அலையையும் பாராட்டின. ஆனால் ஓர் இந்திய டிங்கிப் படகு தன் வாழ்நாளில் கடக்கும் தொலைவைக் கணக்கிட்டால், அதன் பெரும்பகுதி தார்ச்சாலையில், லாரியின் முதுகில், தலைகீழாகக் கவிழ்ந்த நிலையில் கடந்ததாகவே இருக்கும். இந்தத் தரைவழிப் பகுதியைப் பற்றி விளையாட்டு அமைப்புகளும் பேசுவதில்லை. விளையாட்டைச் சமூகவியல் கண்கொண்டு ஆராய்வோரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதால் நேரும் இழப்பு சிறிதன்று.

சென்னை அணியொன்று ஜூலை மாதத்தில் ஹைதராபாத்தின் ஹுசைன் சாகருக்குச் செல்வதை எடுத்துக்கொள்ளலாம். தொலைவு ஏறத்தாழ 630 கிலோமீட்டர். பந்தயம் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக நடைபெறும் ஆயத்தமோ இரண்டு நாள் வேலை. ஐஎல்சிஏ எனப்படும், முன்பு லேசர் என்று அறியப்பட்ட, ஒற்றையாள் படகின் நீளம் 4.2 மீட்டர், உடலின் எடை அறுபது கிலோவுக்குச் சற்றே குறைவு. அதன் பாய்மரம் இரண்டு துண்டுகளாகக் கழன்றுவிடும். எனவே பதினேழடி ஐஷர் வண்டியில் அது அடக்கமாக ஏறிக்கொள்ளும். சிறார்களின் ஆப்டிமிஸ்ட் படகு இன்னும் எளிது: இரண்டேகால் மீட்டரைச் சற்றே மிஞ்சும் தொட்டி போன்ற உடல், 35 கிலோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். இருவர் செலுத்தும் 420 வகைதான் சங்கடம். அதன் பாய்மரம் ஆறு மீட்டரைத் தாண்டும்; பதினேழடி என்பது ஐந்தேகால் மீட்டருக்கும் குறைவு. ஆகவே பாய்மரம் வண்டிக்கு வெளியே நீட்டும், அல்லது ஓட்டுநர் அறையின் தலைக்கு மேல் சாய்த்துக் கட்டப்படும். மத்திய மோட்டார் வாகன விதிகள் சரக்கு பின்புறம் நீட்டிக்கொண்டிருப்பதை ஏற்பதில்லை. இரும்புக் கம்பிகள் நீட்டியபடி சென்ற லாரிகளால் போன உயிர்கள் அந்த விதிக்குப் பின்னால் உள்ளன. ஆயினும் அலுமினியப் பாய்மரத்தின் முனையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பும் வண்டிகள் இன்றும் உண்டு.

ஏற்றுவது ஒரு கைத்தொழில். படகின் மேற்பூச்சு கீறலுற்றால் நீரில் அதன் வழுக்கம் குறையும். ஆகவே படகுக்கும் படகுக்கும் இடையே பழைய டயர், கிழிந்த மெத்தை, ஃபோம் துண்டு, யாருடைய வீட்டிலிருந்தோ வந்த போர்வை. சுக்கானும் நடுப்பலகையும் தனியே உறையிட்டு, பெரும்பாலும் பிள்ளைகள் செல்லும் வேனுக்குள்ளேயே வைக்கப்படும். அவற்றின் பின்விளிம்பில் சிறு சில்லுப் பெயர்ந்தாலும் பந்தயத்தில் அது தெரியும். பாய் மடிக்கப்படுவதில்லை, குழாயில் சுருட்டப்படுகிறது. கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் முதல் ஐம்பது கிலோமீட்டரில் அது தளர்ந்துவிடும் என்பதும், எங்காவது நிறுத்தி மறுபடி இறுக்கியே ஆக வேண்டும் என்பதும் முதற்பயணத்தில் எல்லா அணியும் கற்கும் பாடம். முடிச்சுப் போடத் தெரிந்த பதினான்கு வயதுப் பிள்ளை, லாரியின் கொக்கியில் அந்த முடிச்சு பயன்படாது என்பதைக் கிளீனரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. இந்தக் கல்வியை எந்தப் பாடத்திட்டமும் தருவதில்லை. பயணத்தின் பக்கம் நிற்போர் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சாலையும் அழகான சாலைதான். கும்மிடிப்பூண்டி தாண்டி, தடாவில் மாநில எல்லை கடந்து, சூலூர்ப்பேட்டை அருகே பழவேற்காடு ஏரியின் ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். நெல்லூர், காவலி, ஓங்கோல் வரை கடலை வலப்புறம் வைத்துக்கொண்டே செல்லும் பாதை, அதன்பின் கடலுக்கு முதுகு காட்டி அத்தங்கி, பிடுகுராள்ள வழியாக உள்நாட்டுக்குள் திரும்புகிறது. வாடபள்ளியில் கிருஷ்ணையைக் கடக்கிறது. மூசி ஆறு கிருஷ்ணையில் கலக்குமிடம் அது. பிள்ளைகள் இன்னும் சில மணி நேரத்தில் பாய் விரிக்கப்போகும் ஹுசைன் சாகர், 1560களில் குதுப்ஷாஹி ஆட்சியில் அந்த மூசியின் கிளையொன்றை மறித்துக் கட்டப்பட்ட ஏரி. ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலைக்கும் இந்தக் கட்டுரையின் பொருளோடு ஒரு தொடர்பு உண்டு. போன்கிர் பக்கத்து ராயகிரியில் ஒற்றைக் கல்லில் செதுக்கப்பட்ட அச்சிலை நூற்றுக்கும் மேற்பட்ட சக்கரங்கள் கொண்ட இழுவை வண்டியில் சாலை வழியே ஏரிக்கரையைப் பாதுகாப்பாக வந்தடைந்தது. 1990 மார்ச்சில் கரையிலிருந்து தெப்பத்தில் ஏற்றிச் சென்றபோது கவிழ்ந்து மூழ்கியது. பத்துப் பேர் மாண்டனர். மீட்டு நிறுத்த 1992 டிசம்பர் வரை ஆயிற்று. சாலையில் வந்தது பிழைத்து நீரில் சென்றது மூழ்கிய அந்த நிகழ்வுக்கு நேர்மாறான நிலையில்தான் இன்றைய படகோட்டப் பிள்ளைகள் இருக்கின்றனர்.

அதற்குமுன் ஒரு கேள்வி. கடற்கரை நகரத்துப் பிள்ளைகள் காற்றுத் தேடி ஏன் தக்காணப் பீடபூமிக்குச் செல்கின்றனர்? பாதி விடை பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கடல் சிறு படகுக்கு இடங்கொடாது. மும்பையில் படகுகள் கரையேறிவிடும். அதே தென்மேற்குக் காற்று உள்நாட்டு ஏரிகளின்மேல் அலையைப் பெரிதாக எழுப்பாமல் வலுவாக வீசும். மற்றப் பாதி விடை படையினரின் பாசறைகள். இந்தியாவின் டிங்கி வரைபடத்தை விரித்து வைத்தால் அது கடற்கரையின் வரைபடமாக இராது. பாசறைகளும் நீர்த்தேக்கங்களும் சந்திக்கும் புள்ளிகளின் வரைபடமாகவே இருக்கும். பெங்களூருவின் அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்கள், செகந்திராபாத்தில் இஎம்இ படைப்பிரிவு, புனேயில் படைப் பொறியியல் கல்லூரி, மும்பைக் கொலாபாவில் தரைப்படையின் படகோட்ட மையம், போபாலின் மேல் ஏரிக்கரையில் படகோட்டப் பள்ளி. கூட்டமைப்பான யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் தலைமையிடமோ கடலே காணாத புதுடெல்லி. அண்மை மறு அளவீட்டின்படி 11,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை கொண்ட நாட்டில் இவ்விளையாட்டின் முதுகெலும்பு உள்நாட்டில் அமைந்திருப்பது குறையென்று சொல்வதற்கில்லை. நேகா தாக்கூர் போபால் ஏரியில்தான் கற்றார். ஆனால் இந்த அமைப்பின் தவிர்க்கவியலா விளைவு சாலை. ஒரு பருவத்தில் நான்கு தரவரிசைப் போட்டிகள் என்றால் அவை நான்கு மாநிலங்களில், நான்கு நெடும்பயணங்களில் உள்ளன.

இங்கிருந்துதான் யார் விளையாட முடியும் என்னும் வினா பிறக்கிறது. படைவீரர் அணிக்குப் படையின் வண்டியும் ஓட்டுநரும் உண்டு. பயண நாள்கள் பணி நாள்களாகக் கணக்கிடப்படும். மாநில அரசின் பயிற்சிக் கழகத்துக்கு ஒதுக்கீடு உண்டு. வசதி படைத்த குடும்பம் படகை லாரியில் அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு விமானத்தில் சென்று இறங்கும். நடுவில் நிற்பவர்கள், அதாவது ஒரு சங்கத்தின் இலவசப் பயிற்சியில் சேர்ந்து, பழைய படகொன்றில் கற்றுத் தேறிய எளிய வீட்டுப் பிள்ளைகள், வேனின் பின்னிருக்கையில் செல்வர், அல்லது செல்லமாட்டார். போக ஒரு நாள், பயிற்சிக்கு ஒரு நாள், பந்தயம் நான்கைந்து நாள், திரும்ப ஒரு நாள்: ஒரு போட்டிக்குப் பள்ளி வருகைப் பதிவில் ஒரு வாரம் கரைகிறது. மகளை மாநிலம் கடந்து இரவு வேனில் அனுப்ப எத்தனை வீடுகள் இசையும் என்பது திறமையைச் சார்ந்த கேள்வியன்று. ஆனால் தரவரிசைப் பட்டியலில் அதன் விடை திறமையைப் போலவே அச்சாகிறது.

இதற்கு ஓர் ஒப்பீடு கையருகே கிடைக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் அலைச்சறுக்கு விளையாட்டில் முன்னிற்பவர்களில் கோவளம், மாமல்லபுரம் மீனவக் குடும்பத்து இளைஞர் பலர். கடலறிவு இருந்தது, பலகை ஒன்று போதுமாக இருந்தது, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போட்டிக்குப் போகலாம். கொண்டலையும் வாடையையும் கச்சானையும் சோழகத்தையும் பெயர் சொல்லி அறிந்த அதே சமூகம், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய காசிமேட்டில் வாழும் சமூகம், பாய்மரப் பந்தயத்தில் அதே அளவுக்குத் தென்படவில்லை. காற்றைப் படிக்கும் கலையே இப்பந்தயத்தின் உயிர் என்பதை எண்ணினால் இது வியப்புக்குரியது. படகின் விலையும், சங்கங்களின் குடிவழியும் காரணங்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும். அவை மெய்யே. அவற்றோடு லாரி வாடகையையும் சேர்த்து எழுத வேண்டும். படகு ஒருமுறை வாங்கப்படுவது. வாடகை ஒவ்வொரு முறையும் கொடுக்கப்படுவது.

இனி உயிர் பற்றிய செய்தி. சர்வதேசப் பாய்மரப் பந்தய விதிநூலின் முதல் விதி வேகத்தைப் பற்றியதோ வழியுரிமையைப் பற்றியதோ அன்று. ஆபத்திலிருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதே அது. பந்தயத்தைக் கைவிட்டு உதவச் சென்ற படகுக்கு இழந்த இடத்தை ஈடுசெய்ய வழியும் அந்நூலில் உண்டு. மஞ்சளும் சிவப்பும் சாய்கோடாக அமைந்த கொடி ஏறினால் மிதவைச் சட்டையின்றி எவரும் நீரில் இருத்தலாகாது; சிறார் போட்டிகளில் கொடி ஏறாவிட்டாலும் சட்டை கழலாது. மீட்புப் படகுகள் சுற்றிவரும். காற்று மிஞ்சினால் சிவப்பு வெள்ளைப் பட்டைகொண்ட ஒத்திவைப்புக் கொடியைப் பந்தய அலுவலர் ஏற்றுவார். எத்தனை பெற்றோர் முணுமுணுத்தாலும் படகுகள் கரையில் காத்திருக்கும். இவ்வளவு கண்ணுங்கருத்துமாக நீரில் காக்கப்படும் அதே பிள்ளை, முந்தைய இரவில் இருக்கைப் பட்டை போடாமல், சுக்கான் பைகளின்மேல் தலைசாய்த்து, நெடுஞ்சாலையில் உறங்கியபடி வந்திருக்கும். முன்னால் போகும் லாரியின் ஓட்டுநர் விடியற்காலை மூன்று மணிக்கு எத்தனையாவது தேநீரில் இருக்கிறார் என்பதை எவரும் கேட்டிருக்கமாட்டார். சில வேளை படகுகளுக்குக் காவலாக வளர்ந்த பையன் ஒருவன் சரக்குத் தளத்திலேயே தார்ப்பாயின் கீழ்ப் படுத்து வருவதும் நடக்கிறது. சரக்கு வண்டியில் ஆளேற்றுவது குற்றம் என்பது தெரிந்தும்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பட்டையின்றி வண்டியில் இருந்தால் 1,000 ரூபாய் தண்டம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை நடப்பிலிருந்தபோது ஓட்டுநரின் நாளுழைப்பை எட்டு மணி நேரமாக வரையறுத்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்ட நிறுவனங்களையே அது கட்டியது; ஒற்றை லாரி உரிமையாளர் அதற்கு வெளியே நின்றார். படகு ஏற்றும் வண்டிகள் பெரும்பாலும் அவருடையவை. ஆக நீருக்கென்று ஒரு தடித்த விதிநூல் இருக்கிறது, நாலாண்டுக்கொருமுறை திருத்தப்படுகிறது. சாலைக்கு நாட்டின் பொதுச் சட்டம் மட்டும் இருக்கிறது. அதை எவரும் அணியின் பொறுப்பாக ஏற்பதில்லை.

எதிர்வாதம் வலுவானது, மறைக்க வேண்டியதில்லை. போட்டியிடுவதா வேண்டாமா என்னும் முடிவின் பொறுப்பு அந்தந்தப் படகையே சாரும் என்று அதே விதிநூல் கூறுகிறது. சாலைக்கும் அந்த நெறியே பொருந்தும், கூட்டமைப்பு ஏன் நெடுஞ்சாலையில் போலீஸ் வேலை பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் நீரில் அம்முடிவை எடுக்கும் பிள்ளைக்குக் காற்றைப் படிக்கப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. வேண்டாம் என்றால் அது கரைக்குத் திரும்பிவிடலாம். ஓங்கோல் தாண்டிய இருட்டில் பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைக்கு எந்த முடிவும் இல்லை. இன்னொரு வாதம் தோழமையைப் பற்றியது: அணியாவதே வழியில்தான், பகிர்ந்துண்ட தட்டுவடையிலும் பழுதான டயரிலும்தான் என்பர். அதுவும் உண்மை. அந்தத் தோழமை பகற்பயணத்தில் விளையாது என்பதற்கு மட்டும் எவரும் சான்று காட்டியதில்லை.

செய்யத்தக்கவை பெரியவையுமல்ல. ஒலிம்பிக்கில் ஐஎல்சிஏ படகுகளை வீரர்கள் சுமந்து செல்வதில்லை. அமைப்பாளரே ஒரே தரத்தில் வழங்குகின்றனர். உச்சப் போட்டிக்கு ஏற்ற முறை மாநிலப் போட்டிக்கு ஏன் ஆகாது? ஹைதராபாத், போபால், மும்பை, சென்னை ஆகிய நான்கிடங்களில் ஆப்டிமிஸ்ட்டும் ஐஎல்சிஏவும் பொதுத் தொகுப்பாக வைக்கப்பட்டு, வெளியூர் அணிகளுக்குக் குலுக்கல் முறையில் தரப்பட்டால், பிள்ளைகள் தத்தம் பாயைச் சுருட்டிக்கொண்டு சார்மினார் எக்ஸ்பிரஸில் ஓர் இரவில் போய்ச் சேர்வர். சீட்டில் கிடைத்த படகு வீட்டுப் படகைப் போல இராது என்னும் மனக்குறை எழும். அந்தக் குறை எல்லோருக்கும் சமமாக விழும் என்பதே அதன் சிறப்பு. இன்று பழைய படகு யாருக்கு, புதிய படகு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்வதில்லை. ரயில்வே தன் பங்குக்கு நீளமான விளையாட்டுக் கருவிகளை ஏற்கும் வழியைச் சொல்ல வேண்டும். கோலூன்றித் தாண்டுவோர் தம் கோல்களோடு ரயில் நிலையங்களில் பட்ட பாடு செய்தித்தாள்களில் வந்ததே. 420, 29இஆர் போன்ற இருவர் படகுகளைத் தொகுப்பாக வைப்பது கடினம். அவற்றுக்கு மாநிலச் சங்கங்கள் கூடி நீளத்துக்கேற்ற சட்டகம் பொருத்திய ஒரு பொது வண்டியை, இரண்டு ஓட்டுநர்களோடு அமர்த்தலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கான மின்வழிச் சீட்டில் போட்டிக்குச் செல்லும் படகுக்கெனத் தனித் தலைப்பு இல்லை. ‘சொந்தப் பயன்பாடு’ என்றோ ‘மற்றவை’ என்றோ எழுதிவிட்டு, இது விற்பனைச் சரக்கன்று என்று வழியில் விளக்கிக்கொண்டு நிற்கும் நேரமும் இரவு ஓட்டத்தில்தான் ஈடுசெய்யப்படுகிறது. பொது வண்டிக்கு ஒருமுறை தாள்களை ஒழுங்கு செய்தால் போதும்.

செலவே ஆகாத ஒரு திருத்தமும் உண்டு. போட்டி அறிவிப்பிலோ பந்தயக் குறிப்புகளிலோ, இறுதி நாளில் குறிப்பிட்ட மணிக்குப் பின் எச்சரிக்கைச் சமிக்ஞை தரப்படாது என்னும் வரி வழக்கமாக இடம்பெறுகிறது. பலவேளை அந்த மணி பிற்பகல் மூன்றையொட்டி அமையும். அதன்பின் கடைசிப் பந்தயம் ஓடி முடிய நான்கு. முறையீடுகள் கேட்கப்பட ஐந்து. பரிசளிப்பு, உரைகள், நிழற்படங்கள் முடிய ஏழு. இருட்டில் படகைக் கழற்றி, நனைந்த கயிற்றைச் சுருட்டி, ஏற்றிக் கட்ட ஒன்பது அல்லது பத்து. ஐந்து நாள் வெயிலும் நீரும் தின்ற உடல்கள், ஏற்றிக் கட்டியே களைத்த பயிற்சியாளர், பகலெல்லாம் ஏரிக்கரையில் காத்திருந்து சரியாக உறங்காத ஓட்டுநர். திங்கட்கிழமை பள்ளி. வண்டி அப்போதே கிளம்புகிறது. போகும்போதாவது ஆர்வம் விழித்திருக்க வைக்கும். திரும்பும் இரவில் அதுவும் இல்லை.

இறுதி நாளின் எச்சரிக்கைச் சமிக்ஞை நேரத்தை நண்பகலுக்கு முன் கொண்டுவந்து, வெளிமாநில அணிகளின் படகு வண்டிகள் மறுநாள் விடிந்தபின்னரே வளாகத்தை விட்டு வெளியேறும் என்று அதே அறிவிப்பில் ஒரு வரி சேர்த்து, அன்றிரவுக்குப் பிள்ளைகள் தங்க இடமும் திங்களன்றைக்குப் பள்ளிக்குக் காட்டக் கடிதமும் நடத்தும் சங்கமே தருவதாக வைத்துக்கொள்வோம். இதற்குக் கூட்டமைப்பின் பொதுக்குழுவும் வேண்டாம், அமைச்சகத்தின் ஒதுக்கீடும் வேண்டாம். அடுத்த பருவமழைப் போட்டிக்கான அறிவிப்பு தட்டச்சாகும் நாளில், அதை எழுதும் ஒருவர் முனைந்தால் போதும்.